அகர வரிசையில் மூன்று குடிகள்

மார்ச் 11, செவ்வாய்

காலைப் பால் அளந்து முடியவே ஒன்பதாகிவிட்டது. லொறி போன பிறகு போனைத் திறந்தால், ‘ஊர்வழி’யில் நேற்று நான் போட்ட கட்டுரையின் தலையில் மஞ்சள் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். ‘சான்று தேவை.’ கட்டுரையின் பெயர் ‘பால் கானில் பிடித்த புளிப்பு வாடையைப் போக்குவது எப்படி?’ இதற்கு என்ன சான்று? பால் சேகரிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து கான் கழுவுகிறேன். வேண்டுமென்றால் வந்து மணந்து பார்க்கட்டும்.

ஊர்வழி என்பது இணையத்தில் தமிழில் இருக்கும் வழிகாட்டி. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். சம்பளம் இல்லை. சொந்தப் பெயரும் வராது. அங்கே நான் ‘படுவான்கரையான்’.

அஜந்தா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். “ஆருக்கு இதெல்லாம் எழுதுறீங்க? ஆரும் கேட்டவங்களா?”

யாரும் கேட்கவில்லைதான்.

மார்ச் 14, வெள்ளி

இதுவரை எழுதியவை: வயலில் புதைந்த மோட்டார் சைக்கிளை இழுப்பது, எருமைத் தயிர்ச் சட்டி உடையாமல் பேருந்தில் கொண்டுபோவது, நனைந்த போனைக் காய வைப்பது, குருமண்வெளியில் பாதை ஏறி மண்டூருக்குப் போவது. கடைசிக் கட்டுரைக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது: “பாதை என்றால் சாலைதானே? சாலையில் எவ்வாறு ஏறி மிதக்க முடியும்?”

கேட்டவர் தென்றல்77. ஊர்வழியின் மேற்பார்வையாளர்களில் ஒருவர். எந்த நாடோ தெரியாது. இங்கே வாவியைக் கடக்க விடும் பெரிய மிதவைக்குப் பெயரே பாதைதான் என்று எழுதினேன். “சான்று?” என்றார்.

மனுசனுக்கு விசரா?

மார்ச் 20, வியாழன்

எங்கள் ஊருக்கு ஊர்வழியில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ‘மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் உள்ள ஒரு சிற்றூர்.’ அவ்வளவுதான். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடக்கும்போது எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். போன வருடம் கொழும்பிலிருந்து வந்த குடும்பம் ஒன்று கோழிப் பிரியாணிப் பார்சலோடு கோயில் வாசலுக்கே வந்துவிட்டது. ஊரே மச்சம் மாமிசம் விட்டிருக்கும் நாளில்! அவர்களைச் சொல்லி என்ன? எழுதி வைத்தால்தானே தெரியும்.

எழுதப் போகிறேன். கதவு திறப்பு, கல்யாணக்கால் நடுவது, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி, தாய்வழிக் குடிகளுக்கு வெற்றிலை பாக்குப் பழத்தோடு காளாஞ்சி மரியாதை கொடுப்பது, செருப்பை எங்கே கழற்றுவது, எல்லாம்.

மார்ச் 23, ஞாயிறு

திருப்பி அனுப்பிவிட்டார்கள். குறைகள் ஒரு கொத்து. ‘அம்மன் சடங்கு’ என்ற தலைப்பு போதாது. வாக்கியங்கள் நீளம். ‘அழகான’ என்ற சொல் நடுநிலையானது அல்ல. பட்டியல்கள் அகர வரிசையில் அமைதல் வேண்டும்.

மாலை முழுவதும் உட்கார்ந்து திருத்தினேன். நீளத்தை வெட்டினேன். அழகை எடுத்தேன். பூசைச் சாமான்கள் அகர வரிசை. வரும் வழிகள் அகர வரிசை. காளாஞ்சி பெறும் குடிகள் அகர வரிசை: ஆலங்கன் குடி, மாலையர் குடி, வேலாப்போடி குடி. அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஊர்வழியின் முதல் பக்கத்தில் என் கட்டுரை! பக்கத்தில் நட்சத்திரம். ‘இவ்வாரச் சிறப்புக் கட்டுரை.’ தென்றல்77 கூட “நன்று” என்று எழுதியிருக்கிறார். பால் அளக்கும்போது சிரித்துக்கொண்டே இருந்தேனாம். கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

காட்டாமல் இருந்திருக்கலாம் என்று இதைப் பின்னால் வாசிக்கும்போது நினைப்பேனோ? சும்மா ஒரு பயம்.

ஏப்ரல் 2, புதன்

பயம் சும்மா இல்லை.

ஊர் வட்ஸ்அப் குழுவில் யாரோ கட்டுரையைப் பகிர்ந்துவிட்டார்கள். முதலில் கைதட்டல் படங்கள்தான் வந்தன. பிறகு சுவிசில் இருக்கும் நிரோசன் ஒரு குரல் பதிவு போட்டான். அவன் மாலையர் குடி. “கடைசியில உண்மைய எழுத ஒரு ஆள் வந்திட்டுது. மாலையர் குடிக்குப் பின்னாலதான் வேலாப்போடி குடி. உலகமே வாசிக்கிற இடத்தில கிடக்கு. எழுதின ரதீஸ் அண்ணனுக்கு நன்றி.”

இப்படி ஒரு நன்றியை நான் எந்த ஜென்மத்திலும் கேட்கவில்லை.

கோயிலில் காளாஞ்சி தரும்போது பூசை செய்யும் கட்டாடியார் முதலில் கூப்பிடுவது வேலாப்போடி குடியை. அடுத்தது மாலையர். கடைசியில்தான் ஆலங்கன். முந்திக் கூப்பிடுவதில்தான் இந்த ஊரில் ஒரு குடியின் மானமே இருக்கிறது. “ஒரு காலத்தில் எங்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்” என்று மாலையர் குடியார் எப்போதும் முணுமுணுப்பார்கள். அது முணுமுணுப்பாக மட்டும் இருந்தது, நேற்று வரைக்கும்.

இது எனக்குத் தெரியாதா? இந்த மண்ணில் பிறந்தவன் நான். கலியாணக் கடிதத்தில் பெயர் போடுவதற்கே பத்துத் தரம் யோசிக்கிற ஊர். பூசைச் சாமானை அடுக்கிய கையோடு குடியையும் அடுக்கியிருக்கிறேன். கற்பூரம், குங்குமம், சாம்பிராணி — அதே மாதிரி! நட்சத்திர ஆசையில் கண் தெரியவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

நல்லரத்தினம் மச்சான் வந்தார். அஜந்தாவின் அண்ணன், வேலாப்போடி குடியின் வண்ணக்கர். கோயிலில் அந்தக் குடியின் பொறுப்பெல்லாம் அவரிடம்தான். உட்காரவில்லை. தேத்தண்ணியும் வேண்டாம் என்றார்.

“மச்சான், நீங்க இருக்கிற வீடு ஆர்ர வீடு?”

“அஜந்தாட.”

“அவ எந்தக் குடி?”

“வேலாப்போடி குடி.”

“உங்கட பிள்ளை?”

இங்கே பிள்ளைக்கும் தாயின் குடிதான். 

“மூணு குடியில எங்களக் கடைசியில போட்டு, உங்கட ஆலங்கன் குடிய உச்சியில வச்சிருக்கிறீங்க. வரிசைய அப்பிடியே தலைகீழாக் கவிட்டு வச்சிருக்கு. இதுக்கு மேல நான் என்னத்தக் கதைக்க?”

அது அகர வரிசை என்றேன். ஆனா முதலில் வரும், மானா பிறகு, வானா அதற்கும் பிறகு என்றேன். முதலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விரல் மடித்துச் சொன்னேன். அதுதான் பிழை. அவர் முகம் கறுத்துவிட்டது.

“எனக்கு எழுத்துப் படிப்பிக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அஜந்தா உள்ளே போய்விட்டாள். மகள் தனுஷியாதான் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, “அப்பா, நாங்க கடைசியா?” என்றாள். அந்த ‘நாங்க’வில் நான் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஊரில் பேச்சு இதுதான்: ரதீஸ் தன்ர குடியை முதலில் போட்டுவிட்டான்.

ஆலங்கன் குடி என்று சொல்ல இங்கே ஆறேழு வீடுதான் மிச்சம். தாய்மாமா இறந்த பிறகு குடிக்காகக் காளாஞ்சி வாங்குவது நான்தான். எங்களைக் கூப்பிடும்போது பாதிச் சனம் மோர்ப் பந்தலுக்குப் போயிருக்கும். மேளகாரர் மேளத்தை உறையில் போட்டுக்கொண்டிருப்பார். வாங்கிக்கொண்டு வருவேன். ஒருநாளும் அதைப் பற்றி நான் குறை சொன்னதில்லை. சொன்னேனா? சத்தியமாக இல்லை.

அம்மா சொன்னார்: “என்னத்துக்கு மனே நமக்கு இந்த வேலை? அத அழிச்சுப்போடு.”

ஏப்ரல் 8, செவ்வாய்

வரிசையைக் கோயில் முறைக்கு மாற்றினேன். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, யாரோ மாலையரை முதலில் போட்டுவிட்டார். சுவிஸ் நேரம் பார்த்தால் யாரென்று தெரிகிறது. மச்சானின் மகன் ஒரு கணக்குத் திறந்து வேலாப்போடியை மேலே ஏற்றினான். கூடவே மாலையர் குடியையே கட்டுரையிலிருந்து தூக்கிவிட்டான். மறுபடி சுவிஸ். மறுபடி இங்கே. நான் நடுவில் நின்று ஒவ்வொரு தடவையும் சரிசெய்தேன்.

பின்னேரம் பால் அளந்தது அரைக் கவனத்தில்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. மச்சான் வீட்டில் இருந்து அழைப்பு இல்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் கையால்தான் எங்களுக்குக் கைவிசேஷக் காசு. அஜந்தா புதுச் சேலையைக் கட்டி, வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்து, மத்தியானம் அதை மடித்து வைத்தாள். “உங்கட கட்டுரை நல்லா இரிக்கட்டும்” என்றாள்.

எனக்கு அழுகைதான் வந்தது. ஆத்திரமும்.

ஏப்ரல் 17, வியாழன்

தென்றல்77 பக்கத்தைப் பூட்டிவிட்டார். மூன்று மாதத்துக்கு யாரும் தொட முடியாது. பூட்டியது எந்த வரிசையில்? அகர வரிசையில்!

கெஞ்சி எழுதினேன். எங்கள் ஊரில் இது வெறும் பட்டியல் அல்ல, மானப் பிரச்சினை, வைகாசிக்கு முன் கோயில் முறைக்கு மாற்றித் தாருங்கள், இல்லாவிட்டால் கட்டுரையையே நீக்குங்கள் என்றேன்.

பதில் வந்தது: “அகர வரிசை எவரையும் உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை. அதுவே நடுநிலை. சிறப்புக் கட்டுரைகளை நீக்க இயலாது. தங்கள் பங்களிப்புக்கு நன்றி.”

எவரையும் தாழ்த்தவில்லையாம். வந்து என் வீட்டில் ஒருநாள் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 26, சனி

வேலாப்போடி குடியார் பாலை இப்போது வெல்லாவெளிப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மாலையர் குடியார் மட்டும் சிரித்த முகத்தோடு வந்து கானை வைக்கிறார்கள். அந்தச் சிரிப்புத்தான் இன்னும் மோசம்.

மே 6, செவ்வாய்

இரண்டு குடியும் கட்டாடியாரிடம் போயிருக்கிறார்கள். மாலையரை முதலில் கூப்பிடாவிட்டால் பந்தலுக்கு ஒரு கம்புகூடத் தரமாட்டோம் என்று ஒரு பக்கம். பழைய முறை மாறினால் வழக்கு வைப்போம் என்று மற்றப் பக்கம். கட்டாடியார் நேரே சொல்லிவிட்டாராம்: “ரெண்டு பேரும் ஒத்துவராட்டி நான் கதவத் திறக்க மாட்டன். சண்டைக்க அம்மாள வெளிய கூப்பிட எனக்கு ஏலா.”

கதவு திறக்காத வைகாசியா? சண்டைக் காலத்தில்கூட, வேறு ஊரில் அகதியாக இருந்த வருடங்களைத் தவிர, அது நடந்ததில்லை. குளிர்த்தி ஆடாவிட்டால் ஊருக்குச் சூடு, பிள்ளைகளுக்குக் கொப்புளம் போடும் அம்மாள் வருத்தம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நான் நம்புகிறேனா? கட்டுரையில் ‘என நம்பப்படுகிறது’ என்று எழுதினேன். வீட்டில் அப்படி எழுத வராது. நம்புகிறேன்.

மே 12, திங்கள்

கடைசித் தெருவில் ஒரு பிள்ளைக்கு அம்மாள் போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் போனபோது ஒரு பெண் கேட்கும்படியே சொன்னாள்: “கதவப் பூட்ட வச்ச மகராசன் போறார்.”

நான் பூட்டவில்லை. எவனோ தென்றல் பூட்டினான். அதுவும் கதவையில்லை — பக்கத்தை. யாரிடம் போய்ச் சொல்ல?

மே 13, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைக்கு இளநீர் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

மே 19, திங்கள்

மச்சான் வீட்டுக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன், பூட்டு ஜூலையில் திறக்கும், திறந்த அன்றைக்கே உங்கள் குடியை முதலில் வைத்து, பிறகு மாலையர், கடைசியில் நாங்கள் என்று பழையபடி எழுதித் தருகிறேன் என்று. அம்மாள்மேல் சத்தியம் பண்ணினேன்.

“ஜூலையில கோயில் பூட்டிக் கிடக்கும் மச்சான்” என்றார். ஆனால் இந்த முறை தேத்தண்ணி தந்தார்.

மே 25, ஞாயிறு

பாலர் பாடசாலைக் கட்டடத்தில் கூட்டம். கட்டாடியார், இரண்டு குடியின் வண்ணக்கர்மார், பின்னால் ஊர். கிராம சேவகர் றஜிதா நடுவில். புதிதாக வந்த பிள்ளை, கிரான் பக்கம். ஆலங்கன் குடிக்காக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டது ஏச என்று நினைத்துத்தான் போனேன். ஏசத்தான் செய்தார்கள். வெகுநேரம் ஏசினார்கள். இரண்டு குடியும் ஒன்றுபட்ட ஒரே விசயம் நான்தான்.

ஏச்சு ஓய்ந்த பிறகு றஜிதா, “உங்களுக்கு மாலையர் முதல் வரக் கூடாது, அவ்வளவுதானே?” என்று மச்சானிடம் கேட்டாள். ஓம் என்றார். “உங்களுக்கு வேலாப்போடி குடி உங்களுக்கு முன்னால வரக் கூடாது. சரிதானே?” மற்றப் பக்கமும் ஓம்.

போனில் கட்டுரையைப் பார்த்தாள். “மறுகா என்ன? இந்த அண்ணன் எழுதின மாதிரியே கூப்பிடுங்களன். இந்த முறை மட்டும்.”

 அது முறையல்ல என்று எழுந்து சொல்ல வாய் எடுத்தேன். “நீங்க இரிங்க” என்று இரண்டு வண்ணக்கர்மாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மாலையர் குடிக்குச் சந்தோசம், வேலாப்போடிக்கு முந்தி வருகிறார்கள். மச்சான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நிற்க மாட்டோம் என்றார். அப்போது கட்டாடியார் மெதுவாகச் சொன்னார்: “கடைசிக் காளாஞ்சி வாங்கிற குடியே கதவப் பூட்டி, துறப்ப வச்சிருக்கட்டும். அடுத்த வைகாசி வரைக்கும்.”

மச்சான் யோசித்தார். கோயில் துறப்பு, அந்தப் பெரிய சாவி, ஒரு வருடம் வேலாப்போடி வீட்டில்! முகம் விரிந்ததை எல்லோரும் பார்த்தோம்.

ஆறு வீட்டு ஆலங்கன் குடி முதலில் நிற்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. எங்களை யார் ஒரு ஆளாகக் கணக்கெடுத்தார்கள்? மற்றவன் முந்தாவிட்டால் போதும்.

மே 26, திங்கள்

நான் வாங்கமாட்டேன் என்றேன், வீட்டில். இவ்வளவு நாளும் தொண்டை கிழியக் கத்தியது எனக்காக எழுதவில்லை என்று. இனிப் போய் முதலாவதாக நின்றால் ஊர் சொன்னது சரி என்று ஆகாதா?

அஜந்தா உலையைப் பார்த்துக்கொண்டே, “நீங்க வாங்காட்டிச் சடங்கு குழம்பும். பேசாமப் போய் வாங்குங்க” என்றாள். பிறகு, “அண்ணன் நாளைக்குச் சாப்பிட வரச் சொன்னவர்” என்றாள்.

ஜூன் 3, செவ்வாய்

கதவு திறந்தது. சனம் குரவை போட்ட சத்தத்தில் நெஞ்சு இளகிவிட்டது. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 9, திங்கள்

குளிர்த்தி. விடியப்புறம் பாடல் முடிந்து, கட்டாடியார் வேப்பிலையால் நீர் தெளித்து, வெயில் ஏறத் தொடங்கிய நேரம் குடிகளைக் கூப்பிடும் கட்டம் வந்தது. ஒருத்தரும் மோர்ப் பந்தலுக்குப் போகவில்லை. இரண்டு மேளமும் கழுத்தில்தான்.

வரும் வழியில் ஒரு முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். குனிந்த தலை, சங்கடமான பார்வை, வேறு வழியில்லாமல் வாங்குகிறவனின் முகம்.

“ஆலங்கன் குடி!”

அவ்வளவு சனமும் திரும்பியது. மேளம் எழுந்தது. எங்கள் பெயருக்கு மேளம் அடித்து நான் கேட்டதில்லை. மாமா கேட்டதில்லை. மாமாவின் மாமாவும் கேட்டிருக்க மாட்டார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தேன். கட்டாடியார் வட்டாத் தட்டில் வெற்றிலையும் பாக்கும் நல்ல மஞ்சள் வாழைப்பழச் சீப்பும் வைத்து நீட்டினார். போன வருடம் எனக்குக் கிடைத்தது இரண்டு கறுத்த பழம்.

தயார் செய்த முகம் வரவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், ஏலாமல் போய்விட்டது. வாயெல்லாம் பல்லாக அம்மாளுக்கு முன்னால் நின்றேன். சுவிசில் நிரோசன் பார்ப்பதற்கென்று பிடித்த வீடியோவில் எல்லாம் இருக்கிறது.

சந்தோசமாக இருந்தது. இங்கேயாவது ஒளிக்காமல் எழுதுகிறேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்குக் கலியாணத்திலும் வந்ததில்லை.

பிறகு மாலையர். பிறகு மச்சான். கதவைப் பூட்டி, துறப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். எல்லாரும் மனம் நிறைந்துபோய்த்தான் வீட்டுக்குப் போனார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

பால் பழையபடி எல்லா வீட்டிலிருந்தும் வருகிறது. வேலாப்போடி குடியார் கானை வைக்கும்போது, “என்ன முதலாம் குடி, சுகமா?” என்று பகிடி பண்ணுகிறார்கள். கோபம் வரவில்லை.

அம்மா காலையிலேயே அந்தப் பழச் சீப்பைக் கத்தியால் வெட்டி, எங்கள் குடி வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நிலையத்துக்கு வந்தார். களைத்துப்போய் பால் கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அடுத்த முறையும் இதே வரிசைதானே மனே?”

இந்த முறை மட்டும் என்று றஜிதா சொன்னது அம்மாவுக்கும் தெரியும்.

“ஓம் அம்மா” என்றேன்.

அவர் போன பிறகு போனை எடுத்தேன். தென்றல்77க்கு ஒரு வரி எழுதினேன்: “ஐயா, அந்தப் பக்கத்தின் பூட்டை ஜூலையில் திறக்க வேண்டாம். இப்படியே இருக்கட்டும்.”